தாய் மீன் ஏன் குட்டியைத் தின்கிறது? கப்பிக் குட்டிகள் பிழைக்கத் தொட்டியில் என்ன வேண்டும்

காலையில் மீன் தொட்டியின் விளக்கைப் போட்டதும், ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டி நாலைந்து புள்ளிகள் அசையும். உடம்பே தெரியாது, கண் மட்டும்தான் தெரியும். குனிந்து உற்றுப் பார்த்தால் மீன் குட்டிகள். நேற்று இரவு வயிறு பெட்டி போலப் புடைத்திருந்த கப்பி, இன்று ஒல்லியாகித் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். குட்டி போடும் மீன் வளர்க்கிற எல்லா வீட்டிலும் இப்படி ஒரு காலை வரும். கண்ணில் பட்டது நாலைந்து. பிறந்தது முப்பதாக இருக்கலாம். மீதி அந்தத் தொட்டியிலுள்ள மற்ற மீன்களின் வயிற்றில் இருக்கும். பெற்ற மீனின் வயிற்றிலும் இருக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் குட்டி போட்டது ஒரு கறுப்பு மோலி. தான் போட்ட குட்டியைத் தானே விரட்டிப் பிடித்து அது விழுங்கியதை என் மகள் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அந்த மீனுக்குத் தீனி போட மறுத்தாள். "அம்மாவே ஏன்ப்பா தின்னுது?" என்ற அவள் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்தும் பார்த்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கிடைத்தது. குட்டிகளைக் காப்பாற்றும் வழியும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் ஒரே குடும்பம். பெரும்பாலான மீன்களைப் போல இவை முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. ஆணின் குதத் துடுப்பு குச்சி போல நீண்டு மாறியிருக்கும். அதன் வழியாக விந்து பெண்ணின் உடலுக்குள் போகிறது. முட்டை உள்ளேயே கருவாகிறது. கப்பியில் அந்தக் கரு பெரும்பாலும் தன் மஞ்சள்கருவை உண்டே வளர்கிறது. சுமார் நான்கு வாரத்தில் குட்டி வெளியே வரும். தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் சில நாள் முன்னதாகவே வந்துவிடும். கப்பிக் குட்டி 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். மோலிக் குட்டி அதைவிடச் சற்றுப் பெரிது. பிறந்த அன்றே நீந்தும், ஒளியும், தின்னும். யாருடைய உதவியும் அதற்குத் தேவையில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிறந்த நொடியிலேயே தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த குட்டியைக் காவல் காக்கும் பழக்கம் தாய்க்கு உருவாகவில்லை. ஃபைட்டர் ஆண் மீன் நுரைக்கூடு கட்டிக் காவல் இருக்கும். சிக்லிட் வகைகளில் பெற்றோர் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம். அவற்றின் குஞ்சுகள் பொரிந்த உடனே நீந்தக்கூட முடியாதவை. கப்பித் தாய் தன் பங்கை நான்கு வாரம் வயிற்றில் சுமந்தே முடித்துவிடுகிறது. குட்டி வெளியே வந்த பிறகு, வாய்க்கு அடங்கும் அளவில் துள்ளி நீந்துகிற எதுவும் அதற்குத் தீனிதான்.

அப்படியானால் காட்டில் இந்த இனம் எப்படி அழியாமல் இருக்கிறது? கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை: வெனிசுலா, கயானா, அப்புறம் டிரினிடாட் தீவு. டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1866-ல் அங்கிருந்த விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். 1859-லேயே வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இதே மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டதால் குந்தர் வைத்த பெயர் ஏட்டில் நிற்கவில்லை. ஆனால் ஊர் உலகத்தின் வாயில் கப்பி நின்றுவிட்டது.

டிரினிடாடின் மலையோடைகளில் குட்டிகள் கரையோரத்து ஆழமற்ற நீருக்குப் போய்விடும். வேர், சருகு, கல்லிடுக்கு என்று பெரிய மீன் நுழைய முடியாத இடம் அங்கே நிறைய உண்டு. தாய் ஒரு பக்கம் போகும், குட்டிகள் ஒரு பக்கம் போகும். மறுபடி சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. நம் வீட்டில் இருப்பதோ இரண்டடித் தொட்டி. எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடி. குட்டி தப்பி ஓடியும் அதே வாயின் முன்னால்தான் வந்து நிற்கிறது. தாய் கொடுமைக்காரி இல்லை. தொட்டியில் கரையோரம் இல்லை, அவ்வளவுதான். என் மகளுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்.

அந்த ஓடைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே தீவில், அருவிக்குக் கீழே பெரிய கப்பிகளைத் தின்னும் சிக்லிட் மீன்கள் இருக்கும் இடங்களில், கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து சின்னச் சின்னக் குட்டிகளாக நிறையப் போடுகின்றன. அருவிக்கு மேலே பெரிய எதிரி இல்லாத இடங்களில், தாமதமாகப் பருவமடைந்து, பெரிய குட்டிகளாகக் கொஞ்சம் போடுகின்றன. 1976-ல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர், எதிரி நிறைந்த ஆற்றுப் பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, எதிரி குறைந்த ஓர் ஓடையில் விட்டார். 11 ஆண்டுகள் கழித்து டேவிட் ரெஸ்னிக்கும் அவரும் சேர்ந்து பார்த்தபோது, அந்த வம்சம் பெரிய குட்டிகளாகக் கொஞ்சம் போடும் பக்கம் மாறியிருந்தது; 1990-ல் அந்த முடிவு வெளியானது. எத்தனை குட்டி, எவ்வளவு பெரிய குட்டி என்பதெல்லாம் அந்த மீன் வாழும் நீரில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதோடு பின்னிக் கிடக்கிறது. நாம் தொட்டியில் யாரோடு யாரை விடுகிறோம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் ஒரு பழைய சோதனை. 1932-ல் நியூயார்க்கில் சார்லஸ் பிரீடர், கிறிஸ்டோபர் கோட்ஸ் என்ற மீன் ஆய்வாளர்கள் இருவரும் இரண்டு தொட்டிகளில் கப்பி வளர்த்தார்கள். ஒன்றில் சினையான ஒரே ஒரு பெண். மற்றொன்றில் ஆண், பெண், குட்டி என்று கலந்து 50 மீன்கள். சில மாதங்கள் கழித்து எண்ணினால் இரண்டிலும் 9 மீன்கள். ஒன்று ஏறி ஒன்பதுக்கு வந்தது, ஐம்பது இறங்கி ஒன்பதுக்கு வந்தது. இடையில் குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருந்தன. கூடுதலானதைத் தொட்டியே தின்று கழித்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து எத்தனை குட்டியைக் காப்பாற்றலாம் என்று நான் யோசிப்பதில்லை. என் தொட்டி எத்தனை மீனைத் தாங்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது பிரீடிங் பாக்ஸ், அதாவது தொட்டிக்குள் தொங்கவிடும் பிளாஸ்டிக் பெட்டி. வயிறு புடைத்ததும் தாயை அதில் போடு, குட்டி இடுக்கு வழியாகக் கீழ் அறைக்கு விழும், தாயால் எட்ட முடியாது என்பதுதான் ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கும். நான் ஒரு மோலியை அதில் ஆறு நாள் வைத்திருந்தேன். உள்ளங்கை அளவு இடத்தில் அது திரும்பக்கூட முடியாமல் முட்டிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் வயிற்றில் மஞ்சள்கரு ஒட்டிய குறைக்குட்டிகளைப் போட்டது. அதற்கு இரண்டாம் நாள் தாயும் செத்தது. அது என் தவறு, இன்றைக்கும் மனசில் இருக்கிறது. சினை மீனைப் பிடிப்பதும், இடம் மாற்றுவதும், நெருக்கி அடைப்பதும் அதற்குப் பெரிய அதிர்ச்சி. நாள் நெருங்க நெருங்க அந்த அதிர்ச்சியின் ஆபத்து கூடும். பிரீடிங் பாக்ஸ் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பிறந்த குட்டிகளைச் சில நாள் அதில் வைக்கலாம். தாயை வைக்கக் கூடாது.

தாய் எப்போது குட்டி போடும் என்று கணிக்க, குதத் துடுப்புக்கு அருகே வயிற்றில் இருக்கும் கர்ப்பப் புள்ளியைப் பார்ப்பார்கள். நாள் போகப் போக அது பெரிதாகிக் கறுக்கும். வெளிர் நிறக் கப்பியில் குட்டிகளின் கண்கள்கூடத் தோல் வழியே தெரியும். கறுப்பு மோலியில் இந்தப் புள்ளியைத் தேடிப் பயனில்லை. வயிறு பெட்டி வடிவம் ஆவது, ஒரு மூலையில் ஒதுங்குவது, தீனியை ஒதுக்குவது ஆகியவைதான் அதற்கு அடையாளம். நாள்காட்டியில் குறித்துவைப்பது இன்னும் நல்லது. ஒருமுறை குட்டி போட்டால் அடுத்தது சுமார் நான்கு வாரத்தில். ஆண் இல்லாவிட்டாலும் வரும். பெண் மீன் விந்தை உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும், ஒருமுறை இணைந்ததை வைத்துப் பல மாதம் வரிசையாகக் குட்டி போடும். பெண் மீன் மட்டும் வாங்கி வந்த வீட்டில் குட்டி பிறந்து எல்லோரும் வியப்பது இதனால்தான்.

பெட்டி வேண்டாம் என்றால் வேறென்ன? செடி. தொட்டிக்குள் ஒரு கரையோரத்தை உண்டாக்குவதுதான் வேலை. இதில் எல்லாச் செடியும் ஒன்றில்லை. அகல இலைச் செடி பார்க்க அழகு, குட்டிக்கு உதவாது. இலைகளின் இடைவெளி குட்டிக்குப் போதுமானதாகவும் பெரிய மீனின் தலைக்குப் போதாததாகவும் இருக்க வேண்டும். ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி, ஹார்ன்வோர்ட் அல்லது ஹைட்ரில்லா ஒரு கட்டு, மேலே ஆகாயத்தாமரை இரண்டு மூன்று. ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர்களை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பிறந்த குட்டிகளில் பல நீர்மட்டத்துக்கே வருகின்றன. அங்கே அந்த வேர்த் திரைக்குள் நுழைந்துகொண்டால் போதும். வேரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவற்றுக்குத் தீனியும் ஆகின்றன. ஏரியிலிருந்து எடுத்து வந்தால் மட்டும் நன்றாக அலசி, தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். நத்தையும் ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

செடி தொட்டி முழுக்கப் பரவ வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கை ஒரே பக்கமாக அடர்த்தியாக நிரப்பினால், அங்கங்கே நாலு செடி நடுவதைவிட மேல். தெளித்த மாதிரி நட்டால் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போவதற்குள் குட்டியின் கதை முடிந்துவிடும். செடி வளராத தொட்டி என்றால் கூழாங்கற்களை ஒரு மூலையில் குவியலாகப் போடலாம். நைலான் கயிற்றைப் பிரித்து, நன்றாகக் கொதிநீரில் அலசி, குஞ்சம் போலத் தொங்கவிடலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

கூட இருக்கும் மீன்கள் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஏஞ்சல் மீன் இருக்கும் தொட்டியில் குட்டி பிழைப்பது அபூர்வம். அது செடிக்குள்ளும் மெல்லிய உடலைச் செலுத்தி நின்று நிதானமாகப் பொறுக்கும். பார்ப், கௌராமி, பெரிய டெட்ரா வகைகளும் விடாது. அடியில் மேயும் கோரிடோராஸ், சின்ன இறால்கள் பரவாயில்லை. வாள்வாலும் பெரிய மோலியும் தொட்டியில் இருந்தால் கப்பிக் குட்டிக்கு அவையும் எதிரிதான். பெரும்பாலும் இவை கண்ணால் பார்த்தே வேட்டையாடுவதால், குட்டி பிறந்த நாள் விளக்கைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும், பெரியவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போடுவதும் உண்மையிலேயே உதவுகின்றன.

மீனைவிடக் கூடுதலாகக் குட்டியை விழுங்குவது சில வீடுகளில் ஃபில்டர். பவர் ஃபில்டரின் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் மாட்டாமல் குட்டியை எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக வாங்குபவர்களுக்கு என் யோசனை ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். விலை குறைவு, இழுப்பு மென்மை. அந்த ஸ்பாஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்களைக் குட்டிகள் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும்.

தீனியைப் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். முட்டையிலிருந்து பொரியும் குஞ்சுகளுக்குத்தான் கண்ணுக்குத் தெரியாத அளவுத் தீனி வேண்டும். குட்டி போடும் மீனின் குட்டிக்கு முதல் நாளே ஓரளவு வாய் இருக்கிறது. வழக்கமான ஃப்ளேக்ஸை விரல்களுக்கு நடுவில் மாவாக நசுக்கித் தூவினால் தின்னும். ஆனால் வேகமாக வளர வேண்டும் என்றால் உயிருள்ள தீனிக்கு ஈடில்லை. அதில் முதலிடம் முட்டையிலிருந்து அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவுக்கு; உப்பு நீரில் வாழும் மிகச் சின்ன இறால் இனம் அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பு போட்டு, ஆர்ட்டீமியா முட்டை அரைத் தேக்கரண்டி கொட்டி, ஏர் பம்ப் குழாயைப் போட்டுக் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டால், நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினால் குஞ்சுகள் அங்கே ஆரஞ்சு நிறமாகக் கூடும். உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடலாம். குட்டிகளின் வயிறு ஆரஞ்சாக மாறுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். மொய்னா என்ற நீர்த்தெள்ளு கிடைத்தால் அதுவும் அருமை. வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைப் பலர் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சிட்டிகை கூடினாலும் தண்ணீர் பால் மாதிரி கலங்கி நாறும், காலையில் குட்டிகள் இருக்காது.

குட்டியின் வயிறு மிகச் சின்னது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடத்தில் தீரும் அளவு. வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை, இரவு என்று வைத்துக்கொண்டால் போதும். செடி அடர்ந்த தொட்டியில் நடுவில் அவை மேய்ந்துகொள்ளும்.

தண்ணீரில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னையில் பல இடங்களில் வரும் உப்புக் கலந்த கடினமான போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாதது, மோலிக்கும் கப்பிக்கும் பிளாட்டிக்கும் பிடித்தமானது. இவை கடின நீர், சற்றுக் காரத்தன்மை உள்ள நீரின் மீன்கள். மழைநீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும்தான் சோர்ந்து துடுப்பை மூடிக்கொள்ளும். கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் கடைகளுக்கு எல்லாரும் போகிறோம், கப்பியை வாங்கி வருகிறோம். வீட்டில் கேன் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு மீன் ஏன் வாடுகிறது என்று யோசிக்கிறோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வாளியில் ஒரு நாள் காற்று விட்டு வைக்க வேண்டும், அல்லது கடையில் விற்கும் குளோரின் எதிர்ப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். குட்டிகளைத் தனித் தொட்டியில் நெருக்கமாக வளர்ப்பவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். தீனி கூடும்போது அம்மோனியா கூடும். அதைத் தாங்கும் சக்தி பெரிய மீனைவிடக் குட்டிக்குக் குறைவு. மே மாதத்தில் ஹீட்டரை மறந்துவிட்டு ஏர் பம்ப்பைக் கவனியுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும்.

இனி எத்தனை குட்டி என்ற கேள்வி. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 54 லிட்டர். கல், மண், செடி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். நல்ல ஃபில்டரும் செடியும் இருந்தால் 15 அல்லது 20 கப்பி நிம்மதியாக வாழும். மூன்று பெண் கப்பி, ஒவ்வொன்றும் மாதம் 30 குட்டி என்றால் மாதம் 90. எல்லாவற்றையும் பெட்டியில் பிடித்துக் காப்பாற்றுபவர் மூன்றாம் மாதம் என்ன செய்வார்? கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார், நண்பர்கள் வீட்டிலும் இடம் தீரும். அப்புறம் சிலர் பக்கத்து ஏரியில் விடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கொசுப்புழு தின்னட்டும் என்று கப்பியைச் சாக்கடையிலும் கிணற்றிலும் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் ஏரியில் போனால் அது அங்கேயே பெருகி, நம் நீர்நிலையின் மீன்கள் இடும் முட்டையையும் குஞ்சுகளையும் தின்னும். தலையில் ஒரு வெள்ளிப் புள்ளி மின்ன, நீர்மட்டத்தில் நின்று கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன் நம் குளங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் இடத்தைக் கப்பிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் செய்வது இதுதான். பொதுத் தொட்டியில் ஒரு பக்கம் செடி அடர்த்தியாக இருக்கும். பிறப்பவை அங்கேயே பிறக்கட்டும். பிழைப்பவை பிழைக்கட்டும். ஒவ்வொரு பிரசவத்திலும் மூன்று, நான்கு, சில சமயம் ஏழு எட்டு வளர்ந்து வரும். தொட்டி நிறைந்துவிட்டது என்று தெரிந்தால் செடியைக் கொஞ்சம் வெட்டிக் குறைப்பேன். மீன் குறைந்தால் செடியை விடுவேன். எண்ணிக்கையைச் செடியின் அடர்த்திதான் நிர்ணயிக்கிறது. இப்படி வளரும் குட்டிகள் பெட்டியில் வளர்ந்தவற்றைவிடச் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பது என் அனுபவம்.

ஒரு குறிப்பிட்ட வாலும் நிறமும் தொடர வேண்டும் என்று வளர்ப்பவர்களுக்கு இது போதாது. அவர்களுக்குத் தனித் தொட்டி அவசியம். பண்ணைகளில் செய்வது போல வலைக் கூண்டுக்குள் தாய்களை விட்டு, கண்ணி வழியே வெளியே வரும் குட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு வாரத்திலேயே ஆண், பெண்ணைப் பிரிக்க வேண்டும். ஆணின் குதத் துடுப்பு விசிறி வடிவத்திலிருந்து கூர்மையாக மாறத் தொடங்குவது அப்போதுதான். தாமதித்தால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சினையாகிவிடும். அதே வம்சத்துக்குள் பல தலைமுறை இப்படிப் போனால் முதுகு வளைந்த குட்டிகள் வரத் தொடங்கும். பொதுத் தொட்டிக்காரர்களும் வருடத்துக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து ஒன்றிரண்டு ஆண் மீன்களை வாங்கிச் சேர்ப்பது நல்லது. வாங்கியதை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

நேற்று எங்கள் வீட்டுப் பிளாட்டி குட்டி போட்டிருக்கிறது. ஆகாயத்தாமரை வேருக்குள் என் மகள் பதினொன்று எண்ணினாள். இன்று காலை எட்டு. வேரை ஒட்டி நின்ற ஒன்று ஆர்ட்டீமியாவைக் கொத்தியதும் என்னைக் கூப்பிட்டாள். தாய்க்கும் அவள்தான் தீனி போட்டாள்.